விஞ்ஞான ஏடுகளில் ஒரு பெயர்: டொக்டர் எல்லாப்பிரகட சுப்பராவ்

சர்வகலாசாலையில் உயிர் இரசாயனம் கற்கப் புகும் மாணவர் எவரும் முதற் சில வாரங்களுக்குள்ளேயே பிஸ்க்–சுப்பராவ் முறை என்னும் பெயரைச் செவியுறுவர். இரத்தத்திலோ சிறுநீரிலோ பொசுபரசு எத்துணை உண்டு என்று கணக்கிடும் முறை அது. நாமும் கேட்டோம். சோதனைக் குழாயில் நீலநிறம் ஏறுவதைக் கண்டோம், அளவைக் குறித்துக்கொண்டோம், ஆசிரியரிடம் ஒப்பம் பெற்று வீடு திரும்பினோம். இரண்டும் ஒருவருடைய பெயரின் இரு பாதிகளோ என்றுகூட எம்மிற் சிலர் எண்ணியதுண்டு. பின்பாதி நம்மவர் பெயர் போன்று ஒலிக்கின்றதே, அதற்குரியவர் யாவர் என்று விசாரிக்க எமக்கு அன்று தோன்றவில்லை.

நாம் கற்றது மிஷன் பாடசாலை ஒன்றில். அங்கே லிவிங்ஸ்டன் சரித்திரமும், நைட்டிங்கேல் அம்மையார் சரித்திரமும், லூயி பாஸ்டர் சரித்திரமும் எமக்கு மனப்பாடம். அவற்றைக் கற்பித்த ஆசிரியர்களுக்கு நாம் என்றும் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அந்த வரிசையில் இந்த ஆந்திர தேசத்து மனிதருக்கு இடமிருக்கவில்லை. எமது சங்கத்தின் மலரிலே அடியார்கள், ஆசாரியர்கள், தருமவான்கள் ஆகியோரின் வரலாறு வருவது வழக்கம். இவ்வாண்டு ஒரு விஞ்ஞானியின் வரலாற்றை எழுதத் துணிந்தமைக்கு அந்தப் பழைய அசட்டையே காரணம். துறவியாக வேண்டும் என்று புறப்பட்டு ஆய்வுகூடத்திற் போய்ச் சேர்ந்தவர் இவர் என்று பின்னர் அறிந்தபோது, இம்மலருக்கு இவர் முற்றிலும் அந்நியரல்லர் என்றும் பட்டது.

எல்லாப்பிரகட சுப்பராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் திகதி, அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரிற் பிறந்தார். 1863இல் சுவாமி விவேகானந்தர் அவதரித்ததும் இதே திகதியிலே. தந்தையார் ஜகந்நாதம் வருமான இலாகாவில் ஊழியம் செய்தவர், தாயார் வெங்கம்மா. வீட்டிற் செல்வம் இல்லை. பதின்மூன்று வயதளவில் இவர் பள்ளியை விட்டு, காசிக்குச் சென்று யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று ஓடினாராம். தாயார் விடவில்லை, தேடிப் பிடித்து மீண்டும் பள்ளிக்கே அனுப்பினார். மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறி மூன்றாம் முறையிலேயே சித்தியெய்தினார். பரீட்சையிற் தவறிய தம்பிமார் இதை ஊன்றிப் படிக்க. தவறாத தம்பிமாரும் படித்தால் நட்டமில்லை.

சென்னையில் பிரசிடென்சிக் கல்லூரியிற் கற்கும் நாளில் இராமகிருஷ்ண மடத்தின் தொடர்பு ஏற்பட்டது. சந்நியாசியாகிவிட வேண்டும் என்று மனம் உந்தியது. மடத்துப் பெரியோர் தாயாரின் சம்மதம் வேண்டும் என்றனர், தாயார் சம்மதிக்கவில்லை. வைத்தியம் கற்றால் பிணியாளருக்குச் சேவை செய்யலாம் என்ற யோசனை மடத்திலிருந்தே வந்தது. சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். நண்பர்கள் உதவினர். 1919இல் விவாகம் நடந்தபின் மாமனார் கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தியும் படிப்புச் செலவைத் தாங்கினார்.

அது காந்தியடிகளின் குரல் எங்கும் எழும்பிய காலம். அந்நியத் துணியை விலக்கிய சுப்பராவ், சத்திரசிகிச்சை வகுப்பிலும் கதர் அங்கியையே தரித்து நின்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. பாடங்களில் நன்கு தேறியவராயிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடையாமற் போயிற்று. அதனிற் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசாங்க வைத்திய சேவையிலும் இடமில்லை. சென்னையில் டொக்டர் லக்ஷ்மிபதி நடாத்திய ஆயுள்வேதக் கல்லூரியில் உடற்கூற்று விரிவுரையாளராக அமர்ந்தார்.

இவ்விடத்தில் ஒரு நோயைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். ஸ்புரூ என்று மேனாட்டு வைத்தியரும், கிரகணி என்று நம் வைத்தியரும் வழங்கும் குடல் நோய் அது. உண்ட உணவு உடலிற் சேராது கழிந்துபோகும்; நாக்குப் புண்ணாகும்; இரத்தம் வற்றி, உடல் மெலிந்து, மனிதர் மாய்வர். சுப்பராவின் சகோதரர் இருவர் இந்நோயினால் மாண்டனர். அவரையும் அது பற்றியது. மேனாட்டு மருந்துகள் பலியாத நிலையில் லக்ஷ்மிபதியின் ஆயுள்வேத மருந்தே அவரைக் காத்தது. நம் மூலிகைகளில் உள்ள குணத்தை மேனாட்டு இரசாயன முறையாற் பிரித்து அறிய வேண்டும் என்ற ஆவல் அவருக்கு அக்காலத்தில் உண்டானது என்பர். இந்த நோயின் பெயரை வாசகர் மறவாதிருக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளின் பின் அது மறுபடியும் வரும்.

காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமத்தின் உதவியும் மாமனாரின் உதவியும் கொண்டு, 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரை அடைந்தார். ஹாவார்ட் சர்வகலாசாலையின் உஷ்ணதேச வைத்தியப் பிரிவில் டிப்ளோமா பெற்றார். இந்தியாவிற் பெற்ற சிறு பட்டத்துக்கு அங்கே மதிப்பில்லை. வயிறு வளர்க்க ஓர் ஆஸ்பத்திரியில் இராக்காவல் ஊழியனாக, நோயாளரின் மலசலப் பாத்திரங்களை அகற்றும் வேலை செய்தார். பிராமண குலத்துப் பிள்ளை, பட்டம் பெற்ற வைத்தியர், பிறநாட்டில் இவ்வேலையைச் செய்தார் என்பதை நாம் இங்கு அவமானமாக எழுதவில்லை.

ஊரிலே விட்டுவந்த மனைவியார் சேஷகிரி அப்போது கருவுற்றிருந்தார். பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். தந்தை அவன் முகத்தைக் காணவில்லை. சில ஆண்டுகளில் திரும்பி வருவதாகச் சென்றவர் திரும்பவேயில்லை. ஒரு பெரியாரின் சரித்திரத்தில் இதை மெல்ல ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. அப்படிச் செய்வது சேஷகிரி அம்மையாருக்கு நீதியாகாது என்று எண்ணியே எழுதுகின்றோம். அவர் காத்திருந்த ஆண்டுகள் இருபத்தாறு.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். ஹாவார்ட் வைத்தியக் கல்லூரியின் உயிர் இரசாயனப் பகுதியில் சைரஸ் பிஸ்க் என்னும் ஆசிரியரின் கீழ் சுப்பராவ் சேர்ந்தார். உடலின் திரவங்களில் பொசுபரசை அளப்பது அன்று தொல்லையான காரியம். முன்னிருந்த முறைகளில் நிறம் தாமதமாய் ஏறும்; வேறு பொருட்கள் இருப்பின் குழம்பும். இவ்விருவரும் அமில மொலிப்டேற்றோடு சேர்ந்த பொசுபேற்றை வேறொரு புதிய தாழ்த்தும் பொருளினால் சில நிமிடங்களில் நீலமாக்கினர். நீலத்தின் செறிவை நிறமானியில் ஒப்பிட்டால் பொசுபரசின் அளவு கிட்டும். இம்முறை 1925ஆம் ஆண்டு, அமெரிக்க உயிர் இரசாயனச் சஞ்சிகையின் 66ஆம் தொகுதியில், 375ஆம் பக்கம் முதல் 400ஆம் பக்கம் வரை வெளியாயிற்று. பிஸ்க் பெயர் முதல். சுப்பராவ் பெயர் இரண்டாவது.

அந்த இருபத்தாறு பக்கங்கள் உலகத்து விஞ்ஞானக் கட்டுரைகளுள் மிகப் பெருந்தொகையாக மேற்கோள் காட்டப்பெற்றவற்றுள் ஒன்றாயின. பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிற கட்டுரைகளில் அது குறிக்கப்பட்டுள்ளது. இதன் பொருளைச் சற்று விளக்குவோம். நம் உரையாசிரியர்கள் ஒரு சூத்திரத்துக்கு உரை கூறுங்கால் முன்னோர் நூலிலிருந்து மேற்கோள் காட்டுவரன்றோ? அவ்வாறே விஞ்ஞானக் கட்டுரை எழுதுவோரும், எவருடைய முறையைக் கையாண்டோம், எவருடைய முடிவை ஆதாரமாகக் கொண்டோம் என்பதை இறுதியில் பெயர், ஆண்டு, பக்கத்துடன் குறித்தல் வேண்டும். இறந்துபட்ட தமிழ் நூல்கள் பலவற்றின் பெயரே உரைகளில் வரும் மேற்கோளினாற்றான் நமக்குத் தெரிகின்றது. ஒரு விஞ்ஞானியின் உழைப்பு எவ்வளவு தூரம் சென்றது என்பதை அறியவும் இம் மேற்கோள்களை எண்ணுவது வழக்கமாகிவிட்டது.

அளவுகோல் ஒன்று கையிற் கிடைத்தவுடன் அதைக்கொண்டு எதையாவது அளக்க வேண்டுமே. பூனையின் தசையை வடித்தெடுத்த நீரில் இருவரும் தம் முறையைப் பிரயோகித்தனர். சில நிமிடங்களில் நிலைபெற வேண்டிய நீலம் அங்கே மெல்ல மெல்ல ஏறியது. நேரம் செல்லச் செல்ல மிகுந்தது. மற்றொருவர் முறையில் ஏதோ பிழை என்று விட்டிருப்பர். இவர்கள் விடவில்லை. தசையில் இருப்பது வெறும் பொசுபேற்று அன்று. அமிலத்தில் உடைந்து பொசுபேற்றைச் சிறிது சிறிதாய் விடுகின்ற வேறொரு பொருள் என்று கண்டனர். அதுவே பொசுபோகிரியேற்றின். 1927இல் சயன்ஸ் என்ற சஞ்சிகையில் இதை அறிவித்தனர். தசை வேலை செய்யும்போது அப்பொருள் குறைகின்றது. ஓய்வில் மறுபடியும் கூடுகின்றது. ஏறத்தாழ அதே சமயத்தில் இலண்டனில் எகிள்டன் தம்பதிகளும் இப்பொருளின் சுவட்டைக் கண்டனர் என்பதையும் சொல்லவேண்டும்.

அதுவரை தசையின் வலிமைக்கு மூலம் லக்றிக் அமிலமே என்று உலகம் நம்பியிருந்தது. அந்த ஆராய்ச்சியைச் செய்த ஹில், மயர்ஹோவ் இருவரும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றிருந்தனர். புதிய கண்டுபிடிப்பு அந்த நம்பிக்கையின் அடித்தளத்தை அசைத்தது. தம் கொள்கை மாறவேண்டியதாயிற்று என்று 1932இல் ஹில் வெளிப்படையாய் எழுதிப் பெருமை பெற்றார். பரிசு பெற்றவர் தம் கொள்கை கவிழ்ந்ததைத் தாமே எழுதுவது எளிய செயலன்று.

1929இல் தசையிலிருந்து இன்னொரு பொருளையும் பிரித்தெடுத்தனர். ஏ.ரி.பி. என்று இன்று பள்ளிச் சிறுவரும் சொல்லும் அடினோசின் முப்பொசுபேற்று அது. உயிருள்ள ஒவ்வொரு கலத்திலும் சக்தியைச் செலவுக்குரிய சில்லறையாக மாற்றி வழங்குவது இதுவே. நெல்லும் மீனும் நாமும் இதில் ஒன்று. ஜேர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டு ஓகஸ்டில் இதை வெளியிட்டார். பிஸ்க்கும் சுப்பராவும் ஒக்டோபரில் வெளியிட்டனர். இரண்டு மாத வேறுபாடு. பாடநூல்கள் பெரும்பாலும் லோமன் பெயரையே கூறுகின்றன. ஒருசில மட்டும் மூவரையும் கூறும்.

1930இல் சுப்பராவுக்கு ஹாவார்ட் கலாநிதிப் பட்டம் அளித்தது. நிரந்தரப் பதவியை அளிக்கவில்லை. அந்தப் பத்தாண்டுக் காலத்தில் அவர் செய்த வேலை முழுவதும் அச்சேறவில்லை. 1988இல் நோபெல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் இளமையில் அதே ஆய்வுகூடத்திற் பயின்றவர். சுப்பராவ் பிரித்தெடுத்த சில நியூக்கிளியோரைட்டுக்களை வேறு ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகள் கழித்துப் புதிதாய்க் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், சுப்பராவின் பங்கை வெளிவரவிடாது பிஸ்க் வைத்திருந்தமையே காரணம் என்றும் அவர் சாட்சி கூறியிருக்கிறார். இது ஒரு பக்கத்துச் சாட்சி என்பதும் நினைவிலிருக்க வேண்டும். பொசுபரசு முறையையும் பொசுபோகிரியேற்றினையும் நமக்குத் தந்த கூட்டு பிஸ்க் இன்றி அமைந்திராது. ஆனால் அச்சேறாத கண்டுபிடிப்பை எவரும் மேற்கோள் காட்ட இயலாது. ஏட்டில் இல்லாதது கணக்கில் இல்லை.

1940ஆம் ஆண்டு சுப்பராவ் ஹாவார்ட்டை விட்டு, நியூயோர்க்கிற்கு அண்மையில் பேர்ள் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அது மருந்து செய்து விற்கும் கம்பனி. அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் ஒரு கிளை. விரைவில் அங்கே ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். இலாபத்துக்காக மருந்து செய்யும் இடத்தில் அவர் அமர்ந்ததைக் குறைவாகச் சொல்வோர் இருக்கலாம். சர்வகலாசாலை மறுத்த இடத்தை வியாபாரத் தாபனம் அளித்தது என்பதே உண்மை. மேலும், அவர் மனதில் இருந்தது மருந்து, கட்டுரை அன்று.

அங்கே நடந்த முதற் பெருங்காரியம் போலிக் அமிலம். ஈரலை உண்டால் கொடிய சோகை நோய் தணிகின்றது என்று மைனட், மர்பி என்போர் 1926இற் காட்டியிருந்தனர். ஈரலில் அவ்வாறு செய்வது யாது என்று உலகின் பல ஆய்வுகூடங்கள் தேடின. சுப்பராவும் ஹாவார்ட்டிலேயே தேடத் தொடங்கியவர். வேறொரு வழியில், பம்பாயிலே கருப்பவதிகளுக்கு உண்டாகும் சோகையை மாமைற்று என்னும் மதுவச் சத்தினால் தணிக்கலாம் என்று லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர் 1931இற் கண்டிருந்தார். 1941இல் டெக்சாஸ் மாநிலத்தார் ஒரு சத்தைப் பசளிபோன்ற கீரையிலிருந்து பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அதைத் தூயதாய்ப் பிரித்து, அமைப்பை அறிந்து, இரசாயன முறையால் ஆக்கிக் காட்டியது லெடர்லிக் கூட்டம். 1945இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த அறிவித்தலில் பதினாறு பெயர்கள். சுப்பராவ் ஏழாவது. கூட்டத் தலைவர் தம் பெயரைத் தலைப்பில் இட்டுக்கொள்ளவில்லை. எழுத்து வரிசைப்படி தமக்குரிய இடத்தில் நின்றார்.

தேடிய பொருள் கிடைத்ததா? முழுவதும் இல்லை. கொடிய சோகைக்குரிய ஈரற்சத்து பி12 என்ற விற்றமின்; அதனை 1948இல் வேறு இரு கம்பனிகளின் ஆய்வாளர் பிரித்தனர். போலிக் அமிலம் அந்த நோயில் இரத்தத்தைத் திருத்தும், நரம்பைக் காக்காது. ஆனால் கியூபாத் தீவில் ரொம் ஸ்பைஸ் என்ற வைத்தியர் போலிக் அமிலத்தைக் கொடுத்தபோது வேறொரு நோயாளர் கூட்டம் எழுந்து நடந்தது. நாக்குப்புண் ஆறியது; பசி எடுத்தது; இரத்தம் ஊறியது. அவர்களுக்கிருந்த நோய் ஸ்புரூ. பீமவரத்துப் பையன்கள் இருவரைக் கொண்டுபோன அதே நோய். கர்ப்பிணித் தாய்மாருக்கு எம் நாட்டுக் கிளினிக்குகளில் கொடுக்கப்படும் சிறு மஞ்சள் நிறச் சத்தும் இதுவே; எமது தாய்மார் பலர் அதை விழுங்கியிருப்பர்.

அடுத்தது இன்னும் வியப்பானது. பொஸ்டன் நகரில் சிட்னி பார்பர் என்ற வைத்தியர், இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவர்களை வைத்துத் தவித்துக்கொண்டிருந்தார். அக்காலத்தில் அந்நோய் கண்ட பிள்ளை சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோகும். லெடர்லி அனுப்பிய போலிக் அமிலச் சேர்க்கைகளை அவர் கொடுத்துப் பார்க்க, நோய் விரைவு கொண்டது போலத் தோன்றிற்று. அப்படியாயின் இதற்கு எதிரியான பொருள் நோயை அடக்குமே என்று எண்ணினார். சாவி போலவே இருந்து பூட்டிற் புகுந்து திறவாமல் அடைத்துக்கொள்ளும் பொய்ச்சாவி ஒன்று வேண்டியிருந்தது. சுப்பராவின் கூட்டத்தார் அத்தகைய பொருட்களைச் செய்து அனுப்பினர். அவற்றுள் ஒன்றான அமினொப்ரெறினைப் பதினாறு பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் பத்துப் பேருக்குக் குணம் கண்டது. அது தற்காலிகமான குணமே. நோய் பின் மீண்டது. எனினும் இரத்தப் புற்றுநோய் ஒரு மருந்துக்குப் பணிந்ததை வைத்திய உலகம் கண்டது அப்போதுதான். 1948 ஜூன் மாதம் நியூ இங்கிலாந்து வைத்தியச் சஞ்சிகையில் பார்பர் இதை வெளியிட்டார். ஐந்து பெயர்கள், சுப்பராவ் இல்லை. அமினொப்ரெறினைச் செய்த இரசாயன விவரம் 1947இல் வேறொரு சஞ்சிகையில் வந்தது. மூன்று பெயர்கள், அங்கும் அவர் இல்லை. அதே குடும்பத்து மருந்தான மெதொற்றெக்சேற்று இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் உலகெங்கும் கொடுக்கப்படுகின்றது.

ஓரியோமைசின் கதையும் அத்தகையதே. எழுபது வயது கடந்து சர்வகலாசாலையிலிருந்து ஓய்வுபெற்ற பெஞ்சமின் டகர் என்ற தாவர நூலறிஞர் லெடர்லியில் வேலை பார்த்தார். கிழவருக்கு என்ன ஆராய்ச்சி என்று எண்ணும் இடத்தில், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை ஆராயும் வேலை அவர் கையில் இருந்தது. மிசூரி மாநிலத்தில் ஒரு பயிர்நிலத்து மண்ணிலிருந்து பொன்னிறமான ஒரு பொருள் கிடைத்தது. தெற்றாசைக்கிளின் என்னும் மருந்துக் குடும்பத்துக்கு அதுவே மூத்தது. 1948 ஜூலை மாதம் நியூயோர்க்கில் வைத்தியர் கூட்டத்தில் அது அறிவிக்கப்பட்டது. கட்டுரையில் டகர் பெயர் ஒன்றே. சில வாரங்களின் பின், ஓகஸ்ட் 9ஆம் திகதி, சுப்பராவ் நித்திரையிலேயே மாரடைப்பினால் இறந்துகிடந்தார். வயது ஐம்பத்து மூன்று.

இனி அந்த எண்ணிக்கைக் கணக்கைப் பார்ப்போம். யூஜின் கார்பீல்ட் என்பார் பிலடெல்பியாவில் தாபித்த நிறுவனம் 1964 முதல் விஞ்ஞான மேற்கோள்களை ஒன்றுதிரட்டிப் பெரிய அட்டவணையாக அச்சிட்டது. மேற்கோள் காட்டப்படும் கட்டுரையை அதில் முதலாசிரியரின் பெயரின் கீழ் மட்டுமே பதிந்தனர். ஆகவே 1925ஆம் ஆண்டுக் கட்டுரைக்குக் கிடைத்த ஆயிரமாயிரம் மேற்கோள்களும் பிஸ்க் என்ற பெயரின் கீழேயே அடுக்கப்பட்டன. சுப்பராவ் என்று தேடுவோர் கைக்குச் சொற்பமே அகப்படும். போதாதற்குப் பெயரிலும் குழப்பம். எல்லாப்பிரகட என்பது வீட்டுப்பெயர். தெலுங்கர் அதை முன்னே வைப்பர். மேனாட்டார் பின்னுள்ளதையே குடும்பப் பெயரெனக் கொண்டனர். அதையும் சிலர் ஒரு சொல்லாகவும் சிலர் இரு சொல்லாகவும் எழுதினர். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வெளிநாடு சென்று, விண்ணப்பப் பத்திரங்களில் அல்லலுறும் எம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னுமொன்று. எது மிகுதியாக எண்ணப்படுகின்றது? உலகில் ஆகக் கூடுதலாக மேற்கோள் காட்டப்பெற்ற கட்டுரை, புரதத்தை அளப்பதற்கு ஒலிவர் லோரி என்பார் 1951இல் எழுதியது. மூன்று இலட்சத்துக்கு மேல் என்பது 2014இல் எடுத்த கணக்கு. அதுவும் அளக்கும் முறையே. அளவுகோல் செய்தவரை அதைக் கையாளுவோர் யாவரும் குறிக்க வேண்டியிருக்கின்றது. ஏ.ரி.பி.யைப் பற்றி எழுதுவோரில் 1929ஆம் ஆண்டை நினைப்பவர் எவர்? ஆழமாகப் பதிந்த அறிவு பொதுச்சொத்தாகிவிடும். தண்ணீரைக் கண்டுபிடித்தவரை எவரும் குறிப்பதில்லை. ஆதலால் சுப்பராவின் மிகச் சிறந்த வேலைக்கு எண்ணிக்கை குறைவு. ஓரளவு சிறந்த வேலைக்கு எண்ணிக்கை அதிகம், அதுவும் மற்றொருவர் பெயரில். மருந்துகளுக்கோ எண்ணிக்கையே இல்லை. இந்நாளில் சர்வகலாசாலைகளிற் பதவி அளிக்கவும் உயர்த்தவும் இத்தகைய எண்களை நோக்குகின்றனர். எண் பொய்யன்று என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 1939ஆம் ஆண்டில் ஹாவார்ட்டில் இருந்த சுப்பராவின் எண்ணை எடுத்துப் பார்த்து, அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அவர் கையாற் பிழைக்கப்போகும் பிள்ளைகளை எவரும் கணித்திருக்க இயலாது.

1953இல் லெடர்லியின் பூஞ்சண ஆராய்ச்சியாளர் ஒருவர் தாம் கண்ட புதிய பூஞ்சண வகைக்குச் சுப்பரோமைசஸ் என்று பெயர் வைத்தார். 1995இல் நூற்றாண்டை முன்னிட்டு இந்திய அரசாங்கம் தபால் முத்திரை வெளியிட்டது.

எமது நாட்டுக்கு மிக அண்மையான செய்தியை இறுதிக்கு வைத்தோம். இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்தில் யானைக்கால் நோய் எத்துணைக் கொடுமை செய்தது என்பதை மூத்தோர் அறிவர். கொழும்பிலிருந்து காலி, மாத்தறை வரை ஊதிய கால்களோடு வாசலில் அமர்ந்திருந்தவர்களைக் கண்டோர் இன்றும் எம்மிடையே உளர். நுளம்பு கொண்டுவரும் நுண்ணிய புழுவே அதற்குக் காரணம். இரண்டாம் உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளிற் போரிட்ட அமெரிக்கப் போர்வீரர் இப்புழுவினாற் பீடிக்கப்பட்டனர். அதனால் மருந்து தேடும் வேலை லெடர்லிக்கும் வந்தது. பருத்தி எலிகளிலும் நாய்களிலும் பல பொருட்களைச் சோதித்து, டையெதில்காபமசீன் என்ற பொருளைக் கண்டெடுத்தனர். ஹெற்றசான் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இலங்கையில் யானைக்கால் தடுப்பு இயக்கம் 1947இல் தொடங்கியது. இரவில் வீடு வீடாகச் சென்று விரலிற் குத்தி இரத்தம் எடுத்து, புழு கண்டோருக்கு இக்குளிசையைக் கொடுத்தனர். பின் 2002 முதல் 2006 வரை, நோய் பரவிய மாவட்டங்களின் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கொருமுறை, வேறொரு பூச்சி மருந்துடன் சேர்த்து இது வழங்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு, இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று உலக சுகாதார தாபனம் உறுதிப்படுத்தியது.

அம்மருந்தை உலகுக்கு அறிவித்த கட்டுரை 1947இல் வெளிவந்தது. அதில் ஆறு பெயர்கள் உள. சுப்பராவ் என்பது ஆறாவது.